வாடகை வீட்டுக்குச் சக்திச் சான்றிதழ் தேவையா? மலையகத்து வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் ஒரு முழு வழிகாட்டி

லண்டனில் வீடு வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால், அந்த வீட்டை வாடகைக்கு விடும்போது "இ.பி.சி. எடுக்க வேண்டும்" என்று அவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வீடு எவ்வளவு மின்சாரமும் எரிபொருளும் விழுங்குகிறது என்பதைத் தரம் பிரித்துச் சொல்லும் சான்றிதழ் அது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ அனெக்ஸ் கட்டி வாடகைக்கு விடுபவர்களும் இப்போது அதே கேள்வியைக் கேட்கிறார்கள்: நாமும் அப்படி ஒன்று எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. வாடகை வீட்டுக்குச் சக்திச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று இலங்கைச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் எந்த வேலைக்காக வந்ததோ, அந்த வேலை இங்கே யாரும் செய்யாமல் கிடக்கிறது. கூரையை எப்படிப் போடுவது, எந்தச் சுடுதண்ணீர் ஹீட்டரை மாட்டுவது என்பதையெல்லாம் வீட்டுக்காரர் தீர்மானிக்கிறார். மாதா மாதம் கரண்ட் பில்லைக் கட்டுபவர் வேறொருவர். இடமாற்றத்தில் வந்து சேரும் ஆசிரியையோ தாதியோ வங்கி ஊழியரோ, இரண்டாவது மாத பில் கைக்கு வந்த பிறகுதான் வீட்டின் உண்மையான வாடகை என்னவென்று தெரிந்துகொள்கிறார். இதைத் தவிர்க்க, வாடகை உடன்படிக்கையோடு ஒரு பக்கத் தாள் இணைத்தால் போதும். அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

அங்கே உள்ள சட்டம், இங்கே உள்ள நிலை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டை ஏ முதல் ஜி வரை தரம் பிரிக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து சுவர், கூரை, ஜன்னல், சூடாக்கும் முறை, மின்குமிழ் வரை பார்த்துத் தரம் போடுவார். சான்றிதழ் 10 வருடத்துக்குச் செல்லும். 2018 ஏப்ரல் 1 முதல் புதிய வாடகைகளுக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் வாடகைகளுக்கும் குறைந்தது 'ஈ' தரம் இருக்க வேண்டும். விதிவிலக்கு எதுவும் பதியாமல் அதற்குக் கீழான வீட்டை வாடகைக்கு விட்டால், ஒரு வீட்டுக்கு 5,000 பவுண் வரை தண்டம் வரலாம். அங்கே வீடு வைத்திருப்பவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். இங்கே உள்ள எந்தக் காகிதமும் அதற்கு ஈடாகாது.

நம் நாட்டில் இந்த விடயங்களைப் பார்ப்பது 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை. கட்டடங்களுக்கான சக்தித் திறன் விதிக்கோவை ஒன்றும் இருக்கிறது. அது பெரிய வணிகக் கட்டடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. நம் இரண்டு அறை அனெக்ஸைத் தொடுவதில்லை. சாதனங்களில் ஒட்டியிருக்கும், மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர லேபிள் மட்டும்தான் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது.

லயன் அறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே காணியும் கூரையும் வயரும் யாருடைய பொறுப்பு என்பது தோட்ட நிர்வாகத்தோடு பேச வேண்டிய தனி விடயம், தனிப் போராட்டமும்கூட. இந்த வழிகாட்டி நகரத்து வீடு, அனெக்ஸ், போர்டிங் அறைகளுக்கானது. ஆனால் கூரையையும் சுடுதண்ணீரையும் பற்றிச் சொல்பவை லயனுக்கும் பொருந்தும்.

படி 1: ஒரு வருடத்துப் பில்களை எடுங்கள்

வீடு பார்க்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். "அக்கா, போன வருடத்துக் கரண்ட் பில்களைப் பார்க்கலாமா?" என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. தண்ணீர் எப்படி வருகிறது, பாத்ரூம் எங்கே என்று கேட்பது போலத்தான் இதுவும். வீட்டுக்காரரிடம் பழைய பில்கள் இல்லாவிட்டால், கணக்கு இலக்கத்தோடு மின்சார சபையின் பிரதேச அலுவலகத்தில் அவரே விசாரிக்கலாம்.

ரூபாய்த் தொகையைப் பார்க்காதீர்கள். கட்டண வீதம் அடிக்கடி மாறுவதால் போன வருடத்து ரூபாய் இந்த வருடத்துக்கு உதவாது. யூனிட்டைப் பாருங்கள் (ஒரு கிலோவாற் சாதனம் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட்). அதை அந்த பில் எத்தனை நாளுக்குரியதோ அந்த நாட்களால் வகுத்தால், நாளொன்றுக்கு எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். வீட்டில் அப்போது எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் முழுக்கப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மழையும் மூட்டமும் ஜூன், ஜூலையில்தான் கூடுதல். துணி காயாது, சுடுதண்ணீர் அதிகம் போகும். பதுளை, வெலிமடைப் பக்கம் மழை வருடக் கடைசியில். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படியும். மார்ச் மாதத்து வெயிலில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்தவருக்கு இது எதுவுமே தெரியாது. நுவரெலியா வீடு என்றால் இன்னொன்று: ஏப்ரல் சீசனில் அதை உல்லாசப் பயணிகளுக்கு விட்டிருந்தால், அந்த மாத பில்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 2: மீட்டர் யாருடையது?

மலையகத்து வாடகை வீடுகளில் சண்டை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கீழே வீட்டுக்காரர், மேலே வாடகைக்காரர், இரண்டு பேருக்கும் ஒரே மீட்டர்.

நம் வீட்டு மின்கட்டணம் அடுக்கு முறையில் போகிறது. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்பவருக்கு ஒரு கணக்கு. 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு. அப்புறம் 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் யூனிட் விலையோடு நிலையான கட்டணமும் ஏறும். வீட்டுக்காரர் 55 யூனிட் எரிக்கிறார், அனெக்ஸில் இருப்பவர் 50 எரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி மீட்டர் என்றால் இரண்டு பேருமே 60க்குள். ஒரே மீட்டர் என்றால் 105. இரண்டு பேரும் சேர்ந்து 90க்கு மேற்பட்ட அடுக்கில் போய் உட்காருகிறார்கள். ஒரு மின்குமிழ்கூடக் கூடுதலாக எரியாமலே பில் ஏறிவிடுகிறது.

ஆகவே வசதி இருந்தால் அனெக்ஸுக்குத் தனி இணைப்பு எடுப்பதுதான் சரியான வழி. தனி வாசலும் தனி வயரிங்கும் இருக்கும் வீட்டுக்கு வீட்டுக்காரர் மின்சார சபையின் பிரதேச அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். செலவு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அனெக்ஸை வருடக்கணக்கில் வாடகைக்கு விடப்போகிறவருக்கு அது வீண் செலவில்லை.

தனி இணைப்பு கிடைக்காவிட்டால், பிரதான மீட்டருக்குப் பின்னால் அனெக்ஸின் பாவனையை மட்டும் அளக்கும் சப் மீட்டர். சப் மீட்டர் இருந்தால் மட்டும் நியாயம் வந்துவிடாது. கணக்குப் போடும் முறை முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை குறைவாகச் சண்டை வரும் முறை, மொத்தப் பில்லை யூனிட் விகிதப்படி பிரிப்பது. பில் 6,000 ரூபாய், மொத்தம் 120 யூனிட், சப் மீட்டரில் 40 யூனிட் என்றால் அனெக்ஸின் பங்கு 2,000. நிலையான கட்டணமும் இதற்குள்ளேயே பிரிந்துவிடும். "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று வீட்டுக்காரர் தன் மனதில் ஒரு விலை வைத்து வாங்குவது சரியில்லை. மின்சாரத்தில் லாபம் பார்ப்பது போலாகிவிடும். மூலப் பில்லைக் காட்டாமல் பணம் கேட்பதும் அப்படித்தான்.

மீட்டர் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். இலத்திரனியல் மீட்டரில் ஒரு சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது மீட்டரின் முகப்பிலேயே 1600, 3200 என்பது போல அச்சிட்டிருக்கும். வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பிளக்குகளையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் தொடர்ந்து மின்னினால் எங்கேயோ மின் ஒழுக்கு இருக்கிறது, அல்லது வேறொருவருடைய வயர் உங்கள் மீட்டரில் ஓடுகிறது. 1600 என்று எழுதிய மீட்டர் ஒரு நிமிடத்தில் 16 தடவை மின்னினால், அந்த நேரத்தில் 600 வாற் எரிகிறது என்று அர்த்தம். இப்படியே ஒவ்வொரு சாதனமாகப் போட்டுப் பார்த்து எது எவ்வளவு இழுக்கிறது என்று குறிக்கலாம்.

படி 3: சுடுதண்ணீர்

குளிர்ப் பிரதேச வீட்டில் பில்லின் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. அதனால் இதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

ஷவரோடு மாட்டும் உடனடி ஹீட்டர்கள் பொதுவாக 3.5 கிலோவாற் முதல் 5.5 கிலோவாற் வரை. நடுவில் 4.5 கிலோவாற்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் 0.75 யூனிட். நாலு பேர் தினமும் குளித்தால் 3 யூனிட். மாதத்துக்கு 90 யூனிட். டிவி, பிரிட்ஜ், லைட் எதுவுமே சேர்க்காமல், குளியலுக்கு மட்டும்! 60 யூனிட் அடுக்கைத் தாண்டிவிட்டது.

இன்னொரு விடயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. கண்டியில் நன்றாக வேலை செய்த அதே ஹீட்டர் நுவரெலியாவில் "சூடே வருவதில்லை" என்று பெயர் வாங்கும். ஹீட்டரில் பழுதில்லை. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. குழாய்த் தண்ணீர் 16 பாகை செல்சியஸ் அளவில் வந்தால், அதை 40 பாகைக்கு ஏற்ற 24 பாகை சூடாக்க வேண்டும். 4.5 கிலோவாற் ஹீட்டரால் அப்படிச் சூடாக்க முடிவது நிமிடத்துக்கு 2.7 லீற்றர் தண்ணீரைத்தான். குழாயை முழுக்கத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும். கண்டியில் தண்ணீர் 24 பாகையில் வந்தால் 16 பாகை ஏற்றினால் போதும், அதனால் நிமிடத்துக்கு 4 லீற்றர் கிடைக்கும். ஆகவே வாடகைக்கு வருபவர் ஹீட்டரின் கிலோவாற்றைப் பார்க்க வேண்டும், குழாயைத் திறந்து கையை வைத்தும் பார்க்க வேண்டும், அதுவும் காலையில்.

"அப்படியென்றால் பெரிய ஹீட்டர் மாட்டுவோம்" என்று அவசரப்பட வேண்டாம். 4.5 கிலோவாற் ஹீட்டர் 230 வோல்ற்றில் ஏறக்குறைய 20 அம்பியர் இழுக்கும். அதை 13 அம்பியர் பிளக்கில் கொடுக்கவே கூடாது. பலகையிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், சரியான ஏர்த், அத்தோடு மின் ஒழுக்கு ஏற்பட்டால் 30 மில்லி அம்பியரில் தானே விழுந்து கரண்டை நிறுத்தும் ட்ரிப் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். ட்ரிப் ஸ்விட்சில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் கரண்ட் உடனே நிற்க வேண்டும். நிற்காத வீட்டில் ஷவர் ஹீட்டரைத் தொடாதீர்கள். பில்லைவிட உயிர் பெரிது.

சேமிப்பு கீசர் உள்ள வீடுகளில், அது நாள் முழுக்கப் போட்டபடி கிடக்கிறதா என்று பாருங்கள். குளிருக்குள் நிற்கும் தொட்டி சும்மா நின்றே சூட்டை இழக்கும். குளிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் போட்டு, பிறகு அணைத்துவிடலாம். தொட்டியிலிருந்து ஷவருக்குப் போகும் குழாய் வெளிச்சுவரில் நீளமாக ஓடினால், அதைச் சுற்றி பஞ்சுக் குழாய் உறை போடுவது மலிவான நல்ல வேலை.

சூரிய வெப்ப நீர்த்தொகுதி பற்றியும் கேட்கிறார்கள். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வெயில் கூரையில் நேராக விழும் வீட்டுக்குத் தயங்காமல் போடலாம் என்பது என் கருத்து. மாதக்கணக்கில் மூட்டம் கவியும் பள்ளத்தாக்குகளில் அதை மட்டும் நம்ப முடியாது, துணைக்கு மின்சாரமும் ஓடும்.

சாதாரண வாளிக் குளியலையும் கணக்கில் வையுங்கள். 15 லீற்றர் தண்ணீரை 16 பாகையிலிருந்து 40 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.42 யூனிட் போதும். ஷவரில் போவதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல்.

படி 4: கூரை, சுவர், ஓதம்

தகரக் கூரைக்குக் கீழே சீலிங் இல்லாத வீட்டில், இரவில் உள்ளே இருக்கும் சூடு நேராக மேலே போய்விடும். விடியற்காலையில் தகரத்தின் உட்பக்கம் வியர்த்துச் சொட்டுவதும் அதனால்தான்: அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிறது. சீலிங் அடித்தால் குளிரும் குறையும், சொட்டுவதும் குறையும், மழைச் சத்தமும் குறையும். வீட்டுக்காரர் ஒரே ஒரு செலவுதான் செய்வேன் என்றால் சீலிங்குக்குச் செய்யச் சொல்வேன். அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் அதை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. சீலிங்கைத் தனிச் சட்டத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.

சுவருக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள இடைவெளி, கதவுக்குக் கீழே உள்ள சந்து, மூடாத பழைய ஜன்னல் சட்டம் ஆகியவை வழியாகத்தான் காற்று அடிக்கும். காற்றுள்ள மாலையில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திச் சட்டங்களின் ஓரமாகக் கொண்டுபோனால், புகை வளைந்து காட்டிக் கொடுக்கும். ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் றப்பர் பட்டியே பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் சமையலறையையும் குளியலறையையும் ஒரேயடியாக அடைத்துவிடாதீர்கள். ஈரம் வெளியே போக வழி வேண்டும்.

ஓதம், அதாவது சுவர் ஈரம், மலையகத்தில் தனிப் பிரச்சினை. நம் வீடுகள் பலவும் சரிவை வெட்டிக் கட்டியவை. பின்சுவருக்கு அடுத்ததாகவே மண்மேடு நிற்கும். (அந்த மேடு சரியுமா என்பது இதைவிடப் பெரிய கேள்வி. சந்தேகம் இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் வீட்டுக்காரர் ஆலோசனை கேட்பது அவசியம்.) பின்னால் ஓடும் கான் அடைபட்டால் தண்ணீர் சுவருக்குள் ஏறும். ஈரச்சுவர் சூட்டை வேகமாகக் கடத்தும், அறை எப்போதும் குளிர்ந்தே கிடக்கும், அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைகளுக்கு இருமல் நிற்காது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஓர் அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பொலித்தீனின் பின்பக்கம், அதாவது சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கானையும் பூச்சையும் மேசன் பாஸ் பார்க்க வேண்டும், அது வீட்டுக்காரர் வேலை. முன்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில் ஈரம் கூடிவிட்டது. சமையல் ஆவியும் உள்ளே காயப்போடும் துணியும் காரணமாக இருக்கலாம், அது குடியிருப்பவர் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம். சுண்ணாம்பு அடித்து ஓதத்தை மறைத்துவிட்டு வாடகைக்கு விடுவது வருகிறவரை ஏமாற்றும் வேலை.

படி 5: நெருப்பும் ஹீட்டரும்

2 கிலோவாற் அறை ஹீட்டரை இரவில் மூன்று மணித்தியாலம் போட்டால் ஒரு நாளைக்கு 6 யூனிட், மாதம் 180. கூரையைச் சரிசெய்யாமல் ஹீட்டர் வாங்குவது காசைத் தகரத்தின் வழியே அனுப்புவதுதான். கம்பளியும் காலுறையும் முதலில், கைக்குழந்தையோ வயதானவரோ இருக்கும் அறைக்கு மட்டும் ஹீட்டர்.

பணம் மிச்சம் என்று கரி அடுப்பையோ மிலாறு விறகுத் தணலையோ படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். காஸில் இயங்கும் கீசரும் குளியலறைக்கு உள்ளே இருக்கக் கூடாது. காற்றோட்டமான வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும். வாடகைக்குப் பார்க்கும் வீட்டில் அது உள்ளே மாட்டியிருந்தால், இடம் மாற்றித் தரும் வரை கையெழுத்துப் போட வேண்டாம்.

படி 6: சாதனங்கள்

வீட்டுக்காரர் தளபாடத்தோடு தரும் வீடு என்றால் பிரிட்ஜின் வயதையும் கதவு றப்பரையும் பாருங்கள். ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் அது இறுக்கமாக வர வேண்டும். புதிதாக வாங்கும்போது நட்சத்திரம் கூடியதை எடுக்கலாம். பழைய 60 வாற் குண்டு மின்குமிழ் எங்காவது இன்னும் இருந்தால் 9 வாற் எல்.ஈ.டி. போடுங்கள், நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால், மாதம் 9 யூனிட் எரிந்த இடத்தில் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவாகத்தான் போகும்.

படி 7: அந்த ஒரு பக்கத் தாள்

இதுவரை பார்த்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் கையெழுத்திட்டு, உடன்படிக்கையோடு இணையுங்கள். நொத்தாரிசு எழுதும் உடன்படிக்கை பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். இந்தத் தாளையாவது இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். வாசகம் இந்த மாதிரி இருக்கலாம்:

"கடந்த 12 மாதப் பில்களின்படி இந்த வீட்டின் சராசரிப் பாவனை நாளொன்றுக்கு … யூனிட், குடியிருந்தவர்கள் … பேர். மீட்டர் தனி / சப் மீட்டர். சப் மீட்டர் எனின், மூலப் பில்லைக் காட்டி யூனிட் விகிதப்படி தொகை பிரிக்கப்படும். சுடுநீர் ஹீட்டர் … கிலோவாற், தனி வயரும் ட்ரிப் ஸ்விட்சும் உண்டு, சோதித்த திகதி … . கூரை … , சீலிங் உண்டு / இல்லை. ஓதம் காணப்பட்ட இடங்கள் … . கையளிக்கும் நாளில் மீட்டர் வாசிப்பு … ."

யார் எதைச் செய்வது என்பதையும் கீழே எழுதுங்கள். வீட்டோடு ஒட்டி நிற்பவை, அதாவது கூரை, சீலிங், வயரிங், கான், மாட்டிய ஹீட்டர் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. மின்குமிழ், றப்பர் பட்டி, சொந்தச் சாதனங்கள் குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருப்பவர் தன் காசில் சீலிங் அடிக்க முன்வந்தால், அந்தத் தொகையை எத்தனை மாத வாடகையில் எவ்வளவு கழிப்பது என்று ஆணி அடிப்பதற்கு முன்னமே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு பிறகு நிற்காது.

வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தாளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பில் குறைவாக வரும் வீட்டை அது உறுதியோடு காட்டிக் கொடுக்கும், கொஞ்சம் கூடுதலாக வாடகை கேட்கவும் நியாயம் இருக்கும். பில் கூடிய வீடு என்றால், எதைத் திருத்த வேண்டும் என்று உங்களுக்கே முதலில் தெரியவரும்.

மீட்டர் வாசிப்பையும் ட்ரிப் ஸ்விட்சையும் சுவரில் உள்ள ஓதத்தையும் திகதி தெரியும்படி போனில் படம் எடுத்து, இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரிலோ பில்லிலோ பிழை என்று தோன்றினால் முதலில் மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழைத்தோ பிரதேச அலுவலகத்துக்குப் போயோ முறைப்பாட்டைப் பதிந்து, அதன் இலக்கத்தை வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் கொடுக்கலாம், தமிழிலேயே எழுதலாம். சப் மீட்டர்ப் பிரச்சினையில் சபை தலையிடாது, ஏனென்றால் சபைக்குத் தெரிந்த வாடிக்கையாளர் வீட்டுக்காரர் ஒருவர்தான். அங்கே நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டியது கையெழுத்திட்ட அந்தத் தாளும், மாதா மாதம் எடுத்த மீட்டர்ப் படங்களும்தான்.